ஆறாவது காய்

காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவளுக்கு வீட்டில் ‘பென்சில்’ என்றே பெயர். அன்று காலை, பள்ளிக்காக வாசல் தொட்டிச் செடியை வரைந்து முடித்தாள். முதல் நாள் ஊதா, மறுநாள் வெளிர் ஊதா, மூன்றாம் நாள் வெள்ளை என்று நிறம் மாறும் பூக்கள். நடுவே கோலிக்குண்டு அளவில் ஆறு பச்சைக் காய்கள்.

“இது கத்தரிக்காய்க்குச் சொந்தம், தெரியுமா?” என்று நான்கு வயதுத் தம்பி வாண்டுவிடம் பெருமையடித்தாள்.

செடியைப் பற்றி அவள் படித்த புத்தகத்தில் அடுத்த வரி, ‘ஆனால் விஷம்’. அதைச் சொல்வதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

சாயங்காலம் வாண்டு மாடிப்படிக்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தான். விளையாட்டுச் சட்டியில் தண்ணீர். அதில் பச்சைக் காய்கள்.

“என்னடா இது?”

“கத்தரிக்காய் சூப்!”

பென்சில் சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். எண்ணினாள். ஐந்து. செடியிடம் ஓடினாள். அதில் ஒன்றுகூட இல்லை, தரையிலும் இல்லை. படத்தில் ஆறு!

“அம்மா! இந்தக் காய் விஷம்மா! ஒண்ணு குறையுது!”

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். அப்பா டாக்டருக்குப் போன் போட்டபடியே, “தின்னியாடா? உண்மையைச் சொல்லு!” என்று கத்தினார்.

வாண்டு வாயை இறுக மூடிக்கொண்டான். உதடு பிதுங்கியது.

“உடனே கூட்டிட்டு வரச் சொல்றார்” என்று அப்பா வண்டிச் சாவியைத் தேடினார்.

பென்சில் தம்பி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விளையாட்டுக் குரலில் கேட்டாள்.

“சமையல்காரரே, பசி உயிர் போகுது. சூப் இருக்கா?”

வாண்டு நிமிர்ந்தான். “வரிசையில வாங்க. முதல்ல வந்தவர் சாப்பிட்டுட்டார்.”

“யாரு அவர்?”

“யானையார்.”

துணி யானை மூலையில் சாய்ந்து கிடந்தது. அதன் வாய்த் தையல் பிரிந்து ஒரு மாதமாகிறது. பென்சில் அதற்குள் விரலை விட்டாள். ஈரமாக, உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். பல் படாத முழுக் காய்.

“ஆறு!” என்று கூவினாள். “நீங்க ருசி பார்க்கலையா, சமையல்காரரே?”

“சீ! கத்தரிக்காய்தான் எனக்குப் பிடிக்காதே!”

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “தின்னுடா தின்னுடான்னு எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! நல்லவேளை, என் பேச்சைக் கேக்கலை.”

காய் கிடைத்ததைக் கேட்டு டாக்டர் போனில் சொன்னபடி அப்பா அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகுதான் சாவியைக் கீழே வைத்தார். பென்சில் படத்துக்குக் கீழே விட்டுப்போன வரியைப் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘சொந்தம்தான், ஆனால் விஷம்.’

வாண்டு மெல்ல அம்மாவிடம் நகர்ந்தான். “அப்போ இனிமே எனக்குக் கத்தரிக்காய் கிடையாதுதானே?”