தம்ளரின் தலையில் ஓர் அட்டை

வில்ஃபிரட் ஸ்டாதர் வழக்கமாக உட்காரும் மூலை மேசையில் வேறு யாரோ ஒருவருடைய பீர் தம்ளர் இருந்தது. விளிம்பு வரை நுரை. தலையில் ஓர் அட்டை. தம்ளருக்கு அடியில் இருக்க வேண்டிய அட்டையை மேலே வைத்தால், ‘பின்பக்கம் போய்விட்டு வருகிறேன், எடுத்துவிடாதே’ என்று பொருள். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆளைத்தான் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே மழை. ‘நங்கூரம்’ பப்பில் மற்ற மேசைகளிலெல்லாம் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வில்ஃபிரட் தன் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது யாரோட இடம், நோரீன்?”

கவுன்ட்டருக்குப் பின்னால் நோரீன் பீர்க் கைப்பம்பை இழுத்து யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “பின்னாடி போயிருக்காரு கண்ணு. வந்துடுவாரு. எதிர்ல உக்காந்து கொஞ்சம் பாத்துக்கயேன்.”

கசக்குமா என்ன? அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மனைவி ஆட்ரி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. வெள்ளிக்கிழமை தபால்காரனிடம் ‘குளிருது’ என்றதோடு சரி. அதற்கப்புறம் வாயைத் திறந்தது பல் விளக்கத்தான். இன்றைக்கு ஒரு மனிதனிடமாவது நாலு வார்த்தை பேசாமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறியிருந்தார்.

வறுத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் கிரேவியில் மிதந்து வந்தன. ஆள் வருவதற்குள் தீர்ந்துவிடக் கூடாதே என்று மெல்ல மெல்லத் தின்றார். முதலில் மழையைப் பற்றிப் பேசலாம். பிறகு பீரைப் பற்றி. மனுஷன் நல்லவனாகத் தெரிந்தால் ஆட்ரியைப் பற்றி.

கிரேவி ஆறி ஏடு கட்டியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப, கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஆற்றுச் சேற்றின் வாடை உள்ளே வந்து, மரத்தில் ஊறிய பழைய பீரின் புளிப்போடு கலந்து, எதிரே இருந்த காலி நாற்காலியிலிருந்து கிளம்பிய நனைந்த கம்பளி நாற்றத்தோடு சேர்ந்து அவர் மூக்கில் தங்கியது. காலி நாற்காலிக்கு ஏது கம்பளி?

கூட்டம் கலைந்த பிறகுதான் கவனித்தார். ஜன்னலோர மேசையில் ஒரு தம்ளர், தலையில் அட்டை. கணப்படுப்புப் பக்கம் இன்னொன்று. கதவருகே இரண்டு. நோரீன் காலித் தம்ளர்களை அள்ளிக்கொண்டு, மூடியவற்றை மட்டும் தொடாமல், சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

எதிரே இருந்த தம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் ஊற்றியதுபோல ஜில்லென்றிருந்தது. நுரை ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அட்டையைத் தூக்கிப் பார்த்துவிடலாமா? விரல் அதன் ஓரம் வரை போனது. சேச்சே. அடுத்தவன் தம்ளரில் கை வைக்கிறவனும் ஒரு மனுஷனா. விரலை மடக்கிக்கொண்டார்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருவேளை விழுந்துகிழுந்து கிடக்கிறாரோ என்னவோ. தனக்கும் போக வேண்டியிருந்தது. தன் தம்ளரின் தலையில் அட்டையை வைத்துவிட்டு எழுந்தார்.

நடையைத் தாண்டிக் கழிப்பறை. உள்ளே யாரும் இல்லை. கை கழுவிவிட்டுத் திரும்பினார்.

நடையில் ஒரு முதுகு.

நனைந்த கம்பளிக் கோட்டு. அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. அதற்கும் முன்னால். பப்பின் கண்ணாடிக் கதவு வரைக்கும்.

“கொஞ்சம் வழி விடுங்க.”

“வரிசைல நில்லுங்க.” கோட்டுக்காரர் திரும்பவில்லை.

“என் தம்ளர் உள்ள இருக்குங்க.”

“எங்களோடதும்தான் இருக்கு.”

வில்ஃபிரட் எட்டிப் பார்த்தார். “எப்ப உள்ள போகலாம்?”

“யாராவது அட்டையைத் தூக்கினா போயிடலாம்.” கோட்டுக்காரர் தோளைக் குலுக்கினார். “யாரு தூக்குவா, சொல்லுங்க.”

தலைகளின் இடுக்கு வழியே கண்ணாடியில் மூலை மேசை தெரிந்தது. இரண்டு தம்ளர்கள். இரண்டிலும் அட்டை. சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய ஒரு பெண் கையில் பீரோடு வந்து நின்றாள். தனியாக வந்தவள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“பின்னாடி போயிருக்காங்க கண்ணு,” என்றது நோரீனின் குரல். “வந்துடுவாங்க. கொஞ்சம் பாத்துக்கயேன்.”

வில்ஃபிரட் கத்தினார். அந்தப் பெண் மழைச் சத்தம் கேட்டதுபோல ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பொழுது போனது. அவள் விரல் அவருடைய அட்டையின் ஓரத்தைத் தொட்டது.

வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

தூக்கு. தூக்கு தாயே.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். நல்ல வளர்ப்பு. காலி நாற்காலியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல லேசாகச் சிரித்தாள். பிறகு தன் தம்ளரின் தலையில் ஓர் அட்டையை வைத்துவிட்டு எழுந்தாள்.

இவளாவது பேசுவாள்.

வில்ஃபிரட் நனைந்த கோட்டை ஒட்டி ஓரடி முன்னால் தள்ளி நின்று, பின்னால் இடம் விட்டார்.