தொட்டி வாசலில் நிற்பவர்

ஜனவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, மெர்ல் வியர்ஸ்மா கல்லூரியின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தார். வயது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருஷம் காகித ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடி எட்டு மாதமாகியிருந்தது. பெரிய ஏரிக்கரையிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகன் வயதுப் பிள்ளைகளோடு படிக்க வந்திருந்தார்.

பட்டறையில் எரிந்த இரும்பின் வாசனை. துணித்திரை போட்ட பன்னிரண்டு தடுப்புகள். கடைசித் தடுப்புக்கு அப்பால், சுவரோரம், தார்ப்பாய் போர்த்திய நீண்ட உருளை ஒன்று படுத்துக் கிடந்தது.

"பெருசு, ஹெல்மெட்ல விலைச்சீட்டு தொங்குது. திருப்பிக் குடுக்கப் போறீங்களா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்.

"இந்த வாத்தியாரு என்னைத் திருப்பி அனுப்பாம இருக்கட்டும். அப்புறம் கிழிச்சுக்கலாம்."

அவள் பெயர் மாய் யெர் வாங். முதியோர் இல்லத்தில் ஏழு வருஷம் நோயாளிகளைத் தூக்கி இறக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள். "மனுஷங்களைத் தூக்குறதுக்கு இரும்பு தேவலை. அது முனகாது" என்பாள். அன்றிலிருந்து இருவரும் ஜோடி.

மார்ச் மாதம் தார்ப்பாயை எடுத்தார்கள். உள்ளே இருந்தது ஓர் இரும்புத் தொட்டி. ஆள் படுத்து ஊர்ந்து போகும் அகலம், மூன்று ஆள் நீளம். ஒரு முனையில் வட்ட வாசல், மறுமுனை மூடியது. கப்பலின் அடிவயிற்றில் வேலை செய்யப் போகிறவர்கள் இதற்குள் ஊர்ந்து போய் வெல்டிங் செய்துகாட்ட வேண்டும். அதில் தேறினால்தான் தளத்தில் வேலை.

ஆசிரியர் ஆஸ்ட்ராண்டர் விதிகளைச் சொன்னார். உள்ளே காற்று ஊதும் புளோயர் நிற்கவே கூடாது. உள்ளே இருப்பவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு தட்டு தட்ட வேண்டும். வெளியே காவல் நிற்பவர் இரண்டு தட்டு பதில் தட்ட வேண்டும்.

"காவல் நிக்கிறவங்க எதுக்காகவும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வீடு பத்திக்கிட்டாலும் சரி."

கருவி அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்ற பெர்னடீன் என்ற அறுபது வயதுக்காரி, அதைக் கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மெர்ல் முதலில் போனார். மாய் யெர் வாசலில் உட்கார்ந்தாள்.

வெல்டிங் ஹெல்மெட்டை இறக்கிவிட்டால் பட்டப்பகலும் இருட்டுதான். தீப்பொறி பிடிக்கும் வரை சொந்தக் கைகூடத் தெரியாது. பிடித்த பிறகும் தெரிவது உருகிய இரும்பின் ஒரு சிறு குளம் மட்டும். மெர்ல் அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

இரண்டு தட்டுகள் கேட்டன.

மாய் யெர்தான் சோதிக்கிறாள் என்று நினைத்து, இரண்டு தட்டு பதில் தட்டினார். அப்புறம்தான் உறைத்தது. வாசல் இருப்பது அவர் கால்மாட்டில். சத்தம் வந்தது தலைமாட்டிலிருந்து.

மூடிய பக்கத்திலிருந்து.

எதிரொலியாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு, வேலையை முடித்து, பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தார்.

"என்ன பெருசு, பயமா உள்ள? ஓயாம தட்டிக்கிட்டே இருந்தீங்க" என்றாள் மாய் யெர்.

"நான் ஒரே ஒரு தடவைதான்மா தட்டினேன். பத்து நிமிஷமே ஆகலையே."

"விளையாடாதீங்க. ஏழு தடவை. பதில் தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்குது."

இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

மறுநாள் மெர்ல் சட்டைப்பையில் டார்ச் வைத்துக்கொண்டு போனார். ஹெல்மெட்டை இறக்கி, தீப்பொறியைப் பிடித்தார். வெல்டிங்கை அரை அடி இழுத்திருப்பார்.

பக்கத்தில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

ஓடிக் களைத்த மூச்சு அல்ல. காற்றை உள்ளே இழுக்கிறார்கள், இழுத்தும் போதவில்லை, மறுபடி இழுக்கிறார்கள். அவர் ஹெல்மெட்டின் கன்னத்தை உரசிக்கொண்டு.

மெர்ல் கையை எடுத்தார். தீப்பொறி அணைந்தது. முழு இருட்டு.

மூச்சு நிற்கவில்லை.

ஹெல்மெட்டை மேலே தள்ளி டார்ச்சை அடித்தார். யாரும் இல்லை. ஆனால் மூடிய முனையின் வளைந்த சுவரில், தரையோடு தரையாக, மாக்கல்லால் யாரோ எழுதியிருந்தார்கள். இரும்பில் அடையாளம் போட எல்லோரும் வைத்திருக்கும் அதே வெள்ளை மாக்கல்.

1.10, பக்கத்தில் ஒரு சரிக்குறி. 1.20, சரிக்குறி. 1.30, சரிக்குறி. 1.40 என்பதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதன் கீழே 1 என்று தொடங்கிய கோடு, எண்ணாக முடியாமல் அப்படியே சரிந்து தரைவரை இறங்கியிருந்தது.

வெளியே வந்தவர் நேராகக் கருவி அறைக்குப் போனார். பெர்னடீன் அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்பே பேசினாள்.

"வெய்ன் ஸ்டாஷெக். செத்து நாலு வருஷமாச்சு. உன் ஆலைக்காரன்தான்ப்பா, முதல்ல வேலையை விட்டுத் தூக்கின ஆளுங்கள்ல ஒருத்தன்."

மெர்லுக்கு அவனைத் தெரியும். மூன்றாம் இயந்திரத்தில் இரண்டு வருஷம் ஒன்றாக நின்றவர்கள். அவன் சாவுக்கும் போயிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் தொட்டிக்குள் போய்விட்டான் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. தப்பு அவனுடையது என்று எழுதி, அவன் மனைவி ரோவீனாவுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

"சொல்லாம எங்க போனான்? ஆஸ்ட்ராண்டர்தான் காவல்" என்றாள் பெர்னடீன், குரலை இறக்கி. "அன்னிக்குப் பெரிய மனுஷங்க பட்டறையைப் பாக்க வந்தாங்க. புளோயர் சத்தத்துல பேசறது காதுல விழலைன்னு அவரு அதை நிறுத்தினாரு. ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு அவங்களோட படம் எடுத்துக்கப் போனாரு. வெல்டிங்குக்கு விடற ஆர்கான் வாயு தொட்டிக்குள்ள நிறைஞ்சு மூச்சுக் காத்தைத் தள்ளிடுச்சு. அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது."

"நீங்க பாத்தீங்களா?"

"இந்த ஜன்னல்ல நின்னுதான் பாத்தேன். அவன் தட்டினதும் கேட்டுச்சு. அவரு திரும்பி வந்திருப்பாருன்னு நினைச்சேன்." ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "விசாரிச்சப்போ ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஓய்வுக்கு அஞ்சு வருஷம் பாக்கி இருந்துச்சு."

மாய் யெரிடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "படம் எடுத்தீங்களா?"

"உள்ள ஃபோன் கொண்டு போகக் கூடாதே."

"நாளைக்கு நான் கொண்டு போறேன். ரோவீனா கையில குடுப்போம். அவங்க பாத்துக்கட்டும்."

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆஸ்ட்ராண்டர் மெர்லைக் கூப்பிட்டார். பெர்னடீன் சொன்னாளா, அவராகவே ஊகித்தாரா, தெரியாது. மேஜைமேல் ஒரு வாளி, ஈரத்துணி, கம்பி பிரஷ்.

"வெள்ளிக்கிழமை தளத்து ஆளுங்க வராங்க. வேலைக்கு ரெண்டு பேரோட பேர் கேட்டிருக்காங்க. உங்க பேரை முதல்ல எழுதியிருக்கேன்" என்றார். "தொட்டி உள்பக்கம் அசிங்கமா இருக்கு. கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க. நான் காவல் நிக்கறேன்."

மெர்ல் வாளியைப் பார்த்தார். வீட்டில் மனைவி லோர்னாவின் கெட்டுப்போன சிறுநீரகம். ஆலையோடு போன மருத்துவக் காப்பீடு. ஐம்பத்தொரு வயது. இதையெல்லாம் ஆஸ்ட்ராண்டர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"என் பொண்ணு அப்போ காலேஜ்ல சேர்ந்திருந்தா" என்றார் ஆஸ்ட்ராண்டர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ரெண்டு நிமிஷம்தான்னு நினைச்சேன், மெர்ல்."

மெர்ல் உள்ளே போனார்.

முதலில் 1.10 போனது. அப்புறம் 1.20. ஈரத்துணியில் மாக்கல் பால் மாதிரி கரைந்தது. அவர் முகத்துக்கு மிக அருகில், அந்தப் போதாத மூச்சு ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை.

இரண்டு தட்டுகள்.

அவர் பதில் தட்டவில்லை.

மறுபடி இரண்டு.

சரிந்து இறங்கிய கடைசிக் கோட்டைத் துடைக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து விழுந்தார்.

வாசலில் ஆஸ்ட்ராண்டர் இல்லை. அலுவலக அறையில் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொட்டிக்குள் போய் வந்த மாய் யெர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையில் ஃபோன். அதிலிருந்த படத்தில் பளபளவென்று துடைத்த இரும்புதான் இருந்தது.

"உள்ள ஈர வாசனை அடிக்குது" என்றாள்.

மெர்ல் குனிந்து வயரைச் சுருட்டினார்.

"இனிமே எனக்குக் காவல் நிக்க வராதீங்க." அதற்குப் பிறகு அவள் அவரைப் பெருசு என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.

ஜூன் மாதம் கப்பல் தளத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. லோர்னாவுக்கு வைத்தியம் நடந்தது. ரோவீனா கல்லாவில் நிற்கும் கடைக்கு மெர்ல் போவதை விட்டார். பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்து ஊர்வரை வண்டி ஓட்டினார்.

ஆகஸ்டில் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு, பாதி கட்டிய கப்பலின் அடி அறையில் வேலை முடித்து மெர்ல் வெளியே ஏறி வந்தார். வாசலில் காவல் நின்றது அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். அவரை யாரென்றே அவளுக்குத் தெரியாது. கையில், உள்ளே இறங்குபவர்களின் பெயர் எழுதும் அட்டை.

"உங்க கூட வந்தவரு எங்க?"

"யாரு? நான் தனியாத்தான் போனேன்."

"இல்ல சார், உங்க பின்னாடியே ஒருத்தர் இறங்கினாரே. பேர் கேட்டேன். உங்க கூடப் படிச்சவர்னு மட்டும் சொன்னாரு." அவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "அவரு வராம நான் இங்கேருந்து போக முடியாது. நேரமாச்சு சார். என் பஸ் போயிடும்."

மெர்ல் அட்டைக்காகக் கையை நீட்டினார்.

"நீ போம்மா" என்றார் கடைசியில். "நான் நிக்கறேன்."

அவள் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். சங்கு ஊதியது. ஆட்கள் படியிறங்கிப் போனார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். மெர்ல் வாசல் விளிம்பில் கையை ஊன்றி, கீழே இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. இதை அவர் பிறகு லோர்னாவிடம் சத்தியம் செய்து சொன்னார்.

வீட்டில் படுத்திருந்தவருக்கு விடிகாலையில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. திறக்க முடியவில்லை. லோர்னாதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் இமையை விரித்து விளக்கடித்துப் பார்த்தார்.

"வெல்டரா நீங்க? ஹெல்மெட் போடாம வெல்டிங் வெளிச்சத்தைப் பாத்திருக்கீங்க. அதுவும் ரொம்பப் பக்கத்துல, ரொம்ப நேரம்" என்றார். "யாரு வேலை செய்யறதை அப்படி நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க?"