பழவேற்காட்டுக் கதவு

"அந்தக் கதவையா வாங்கிகினு போறீங்க?"

"ஆமாக்கா. வெள்ளானூர்ல ஊடு கட்றோம். இன்னா, மரம் நல்லால்லியா?"

"மரத்துக்கு இன்னா கொறச்ச? அசல் தேக்கு. எங்கூர்க்காரங்க அத்த தொட மாட்டாங்க, அவ்ளோதான்."

"ஏங்க்கா?"

இறால் கூடையின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள் அங்கம்மா. "தாப்பா எந்தப் பக்கம் கீதுன்னு பாத்தியா நீ?"

பழவேற்காட்டில், ஏரிக்கரை ஓரம், ஒரு பகல் வேளையில் நடந்த பேச்சு அது. கெங்கம்மாள் இடுப்பில் மகளோடு நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி அவள் கணவன் தங்கவேல், இடித்துப் போட்ட பழைய வீட்டின் வாசற்கதவை நிலையோடு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அதன் ஒரு பக்கத்தில் கனத்த இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் மரம்.

"அது ஊட்டுக் கதவே இல்லம்மா" என்றாள் அங்கம்மா. "டச்சுக்காரன் கோட்டை கட்டிகினு இருந்த காலத்துல பெரிய பஞ்சமாம். சோத்துக்கு வழியில்லாம ஜனங்க தன்னையே வித்துகினாங்களாம். கப்பல் வர்ற வரைக்கும் அவுங்கள அடைச்சி வெச்ச கிடங்குக் கதவு அது. ஒரு பொம்பள உள்ள மாட்டிகினா. அவ பொண்ணு, இத்தினியூண்டு, வெளிய நின்னுகினு இருந்துது. வாயத் தொறந்தா காவக்காரன் வந்துடுவான். அதனால அவ கீழ குந்திகினு கதவத் தட்டிகினே இருந்தாளாம். தாப்பாவ எடு கண்ணுன்னு அர்த்தம். கொழந்தைக்குப் புரிஞ்சிது. ஆனா எட்டல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கப்பல் வந்துது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியிலேயே கெங்கம்மாள் இதைக் கணவனிடம் சொன்னாள். தங்கவேல் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்மே, கடல் எங்க கீது, வெள்ளானூர் எங்க கீது? அந்தம்மா நம்மூட்டுக்கு வரணும்னா பொன்னேரி வந்து, செங்குன்றம் வந்து, ஆவடி பஸ்ஸப் புடிக்கணும். ஆவடியில எறங்கறதுக்குள்ளயே பாதி உசுரு போய்டும்!"

அவளும் சிரித்துவிட்டாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்து ஓட்டிச் சேர்த்த காசில் அவன் எழுப்பிய வீடு அது. அப்படியொரு கதவு அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. தச்சர் தசரதன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாப்பா வெளிப்பக்கம் கீதேன்னு கவலப்படாதீங்க. திருப்பி நிறுத்திட்டா உள்பக்கம் ஆயிடும், புதுசு வாங்குற செலவு மிச்சம்" என்றார். அப்படியே திருப்பி நிறுத்தினார்கள். மஞ்சள் துணி கட்டி, நிலைக்கு அடியில் நவதானியம் போட்டு, முறைப்படி பூசை செய்துதான் வைத்தார்கள்.

வெறும் பக்கம் வெளிப்பக்கம் ஆனது. அதன் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், குறுக்கும் நெடுக்குமாக நகக்கீறல் மாதிரி கோடுகள் இருந்தன. தசரதன் அவற்றைப் பட்டி மாவு வைத்து அடைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் குடிவந்தார்கள். சுற்றிலும் வயல். கூப்பிடு தூரத்தில் முத்தம்மாள் வீடு ஒன்றுதான்.

புது வீட்டில் கெங்கம்மாளுக்கு ஒரே ஒரு குறைதான். மகள் வேம்புலி, நாலு வயசாகியும் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு தானாக வரும் என்று எழும்பூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வரவில்லை. ஒரு 'அம்மா' கூட வரவில்லை. முத்தம்மாள் வீட்டுப் பிள்ளைகள் அம்மா அம்மா என்று கத்தும்போதெல்லாம் கெங்கம்மாள் மகளின் வாயையே பார்ப்பாள். வேம்புலியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி, எல்லோர் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டாள்: "தாயே, எம்பொண்ணு வாய் தொறந்து மொதல்ல எது கேட்டாலும் செரி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். குடுத்துடறேன்."

முதல் தட்டல் கேட்டது மாசி மாதத்தில். விளக்கு வைக்கும் நேரம். வயல் பூச்சிகள் எங்கே என்று கெங்கம்மாளே நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம் அடங்கிப்போயிருந்தது. காற்று கிளம்பி வந்ததால் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தாள். குழந்தை கதவருகே சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

டொக். டொக்.

வந்தவர்கள் தட்டுகிற உயரத்தில் இல்லை அது. கீழே. தரைக்குப் பக்கத்தில். பலமில்லாத ஒரு கை.

அன்று வார விடுமுறை. தங்கவேல் வீட்டில் இருந்தான். "யாருபா?" என்று கதவைத் திறந்தான். யாரும் இல்லை. வாசற்படி மட்டும் நனைந்திருந்தது. உப்பங்கழிச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது.

"பன்னி ஏதாச்சும் ஒரசிகினு போயிருக்கும்" என்றான்.

காலையில் பார்த்தால் கோலம் கலைந்திருந்தது. காலால் மிதித்துக் கலைத்த மாதிரி இல்லை. நிறையப் பேர் நெருக்கி அடித்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

அடுத்த முறை தட்டல் கேட்டபோது கெங்கம்மாளே துணிந்து திறந்தாள். யாரும் இல்லை என்று நிம்மதியாகக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நிலைக்கு உள்ளே, சிமெண்டுத் தரையில், ஒரு பாதத்தின் ஈரம்.

ஒற்றைப் பாதம். காய்ந்தபோது அது உப்பாக வெளுத்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திறக்கத் திறக்க அது உள்ளே வருகிறது. குழந்தை கதவோரம் இருக்கும்போது மட்டும்தான் தட்டுகிறது. முன்பு படியில் நின்றது. இப்போது ஒரு காலை எடுத்து வைத்துவிட்டது. இன்னொரு தடவை திறந்தால்?

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் வாசற்கதவை அவள் திறப்பதில்லை. தங்கவேலுக்கு இரண்டாம் ஷிப்டு. அவன் பின்வாசல் வழியாகத்தான் வந்து போனான். "சொந்த ஊட்டுலயே திருடன் மாதிரி பூந்து வரேன் பாரு" என்று கிண்டல் செய்தான். ஆனால் அந்த உப்புத்தடம் கழுவக் கழுவப் பூத்து வருவதைப் பார்த்த பிறகு அவனும் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

முத்தம்மாள்தான் வயல் வரப்பில் நின்று சத்தம் போட்டாள். "இன்னாடி கெங்கம்மா, வெளக்கு வெக்கிற நேரத்துல வாசக்கதவ அடைச்சிகினு கீற? லச்சுமி இன்னா, உன் பின்வாசல்ல சொவரேறிக் குதிச்சா வருவா?"

"காத்து ஜாஸ்தியா கீதுக்கா" என்றாள் கெங்கம்மாள். ஒரு இலை கூட அசையவில்லை.

கதவின் வெளிப்பக்கம் பட்டி உதிர ஆரம்பித்தது. பெயிண்டைக் கிழித்துக்கொண்டு கீறல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதைவிட அவளை உலுக்கியது வேறு ஒன்று. ஒரு மாலை, அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கேட்டது.

டொக். டொக்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

டொக். டொக்.

இது வேறு சத்தம். மெல்லியது. உள்ளேயிருந்து.

ஓடிவந்து பார்த்தாள். வேம்புலி கதவில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு, பிஞ்சு விரலை மடக்கி, பதிலுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு.

அன்றிரவே தங்கவேல் முடிவு செய்தான். "ஞாயித்துக்கெழமை தசரதன வரச் சொல்லிட்டேன் கெங்கா. கதவப் பேத்து எடுத்துகினு போய் அந்த ஏரிக்கரையிலயே போட்டுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் புள்ளைய வுட்டு நகராத."

"ஷிப்டு முடிஞ்சதும் நீ சீக்கிரம் வந்துடு மாமா" என்றாள். அவன் முன்பக்கத் தாழ்ப்பாளைக் கெட்டியாக அடித்துப் போட்டுவிட்டுத்தான் படுத்தான்.

சனிக்கிழமை. தங்கவேல் ஷிப்டுக்குப் போயிருந்தான். வானம் மூட்டம் போட்டுக்கொண்டு சீக்கிரமே இருட்டிவிட்டது. மின்சாரமும் போனது. கெங்கம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் காயும் துணி ஞாபகம் வந்தது. தூறல் போட ஆரம்பித்திருந்தது. எட்டிப் போய் உருவிக்கொண்டு வந்துவிடலாம், ஒரு நொடிதானே என்று போனாள்.

கொடியிலிருந்து புடவையை இழுக்கும்போது உள்ளே ஏதோ தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

முக்காலி. இழுபடுகிறது.

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாய் காலி. கதவுக்குக் கீழே இருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க உப்பு வாடை. வெளியே ஒரு கை இல்லை இப்போது. பல கைகள். எல்லாம் தாழ்வாக. எல்லாம் பலமில்லாமல்.

டொக். டொக். டொக். டொக்.

வேம்புலி முக்காலி மேல் நுனிக்காலில் நின்றிருந்தாள். கை முழுக்க நீண்டிருந்தது. விரல் நுனிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"கண்ணு" என்றாள் கெங்கம்மாள். "வாணாம் கண்ணு. எறங்கிடு. அம்மா கிட்ட வா."

தட்டல் சட்டென்று நின்றது.

கதவுக்கு அப்பால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல ஓர் அமைதி.

குழந்தை திரும்பியது. கன்னமெல்லாம் கண்ணீர். உதடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, துடித்து, மெதுவாகப் பிரிந்தன. இந்த நாலு வருஷமும் எந்த நொடிக்காக அவள் ஏங்கிக் கிடந்தாளோ அந்த நொடி இதுதான் என்று கெங்கம்மாளுக்குத் தெரிந்தது. மொதல்ல எது கேட்டாலும் குடுத்துடறேன் என்று கோயிலில் சொன்ன வார்த்தை காதுக்குள் இரைந்தது. ஓடிப்போய் அந்த வாயைப் பொத்த வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் பொத்த மனசு வரவில்லை.

"அம்மா" என்றது குழந்தை.

தெளிவாக. இனிப்பாக.

"அம்மா, அவுங்க உள்ள மாட்டிகினாங்க. எனுக்கு எட்டல. நீ தாப்பாவ எடும்மா."