நாற்பத்திரண்டாவது குறிப்பு

கட்டுரைகள் நாற்பத்தொன்று. குறிப்புகள் நாற்பத்திரண்டு.

ஜெராக்ஸ் மூன்று முறை எண்ணிவிட்டான். முதல் முறை ஏதோ இரண்டு தாள் பிரிந்திருக்கும் என்று நினைத்தான். இரண்டாம் முறை தனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்தான்; அதை நம்புவது அவனுக்குச் சிரமமாக இல்லை. மூன்றாம் முறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணினான். நாற்பத்திரண்டுதான். குறைந்திருந்தால் பதறலாம், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கூடியிருக்கிறது. படிப்பு சம்பந்தப்பட்ட எதுவும் அவன் வாழ்க்கையில் இதுவரை தானாகக் கூடியதில்லை.

கையில் கிடைத்ததையெல்லாம் நகலெடுத்து அடுக்கிவைப்பான், ஒன்றையும் படிக்கமாட்டான் என்பதால் விடுதியில் வைத்த பெயர் ஜெராக்ஸ். ஐந்து வருடமாக முனைவர் பட்ட ஆய்வில் இருந்தான். இருந்தான் என்பதுதான் சரியான சொல். வீட்டில் அப்பா, "என் பையன் டாக்டர் ஆகப் போறான், ஊசி போடாத டாக்டர்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து, இப்போது பார்க்கிறவர்களைத் தவிர்க்கும் நிலைக்கு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நெறியாளர் அவனை நிற்கவைத்தே பேசினார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்குக் குழு உக்காருது. நாப்பத்தோரு கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் உன் கையெழுத்துல குறிப்பு. ஒண்ணு குறைஞ்சாலும் உன் பதிவ ரத்து பண்ணிடுவேன்."

"சார், இன்னும் ஒரு மாசம் மட்டும்..."

"போன வருஷமும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு இதேதான் கேட்ட. மூஞ்சியாவது மாத்திருக்கலாம்."

இரண்டு நாளில் நாற்பத்தொரு கட்டுரைகளைப் படிக்க முடியாது. ஆனால் அடுக்க முடியும். ஆய்வு மாணவர் அறையின் இரும்பு அலமாரியில், அடித்தட்டில், அவனுக்கு முன் இதே மேசையில் உட்கார்ந்து பாதியில் நின்றுபோன ஒரு மாணவியின் குறிப்புகள் கிடந்தன. அதே நாற்பத்தொரு கட்டுரைகள். நெறியாளர் பத்து வருடமாக வாசிப்புப் பட்டியலை மாற்றியதில்லை. பச்சை மை, நெருக்கமான நிமிர்ந்த எழுத்து. கட்டுரையின் சாரத்தோடு வகுப்பில் நடந்ததையும் விடாமல் எழுதியிருந்தாள். சார் இருமினார். சார் அதே உதாரணத்தை நான்காம் முறை சொன்னார். சார் சொன்னது தவறு, ஆனால் தேர்வுக்கு இதுதான்.

ஒவ்வொரு குறிப்பின் வலது மேல் மூலையிலும் அவள் பெயர் இருந்தது. ஜெராக்ஸ் அந்த மூலைகளை வெட்டி எடுத்துவிட்டு, தன் பெயர் எழுதிய துண்டை ஒட்டினான். திங்கள் காலை எட்டு மணிக்குக் கடையில் நகலெடுத்துவிட்டால் ஒட்டும் தெரியாது, பச்சையும் தெரியாது. கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் அடித்துச் சொல்லிவிடலாம். அவன் கையெழுத்தை அங்கே யாரும் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னல் இல்லாத அந்த அறையில் பகலுக்கும் தனி அடையாளம் கிடையாது. குழல்விளக்கு ஒரு முனையில் கறுத்துப்போய் விட்டுவிட்டு இரைந்தது, மின்விசிறி சுற்றச் சுற்ற பழைய தாளின் புளித்த வாடையும் பசையின் இனிப்பு வாடையும் மாறிமாறி முகத்தில் வந்து மோதின, வெளியே நீண்ட நடைக்கூடத்தில் எங்கோ ஒரு குழாய் அரைகுறையாக மூடப்பட்டு, யாரோ யோசித்து யோசித்துப் பேசுவதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது.

கூடுதலாக இருந்த அந்த ஒன்றைத் தேடிப் பிடித்தான். மேலே கட்டுரையின் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்றைய தேதி இருந்தது. மூலையில் பெயர் இல்லை, மூலையே இல்லை. ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. அவன் இதை வெட்டவில்லை.

கீழே, பச்சை மையில்:

'2:10 வந்தான். கதவைத் திறந்தபடி வைத்தான்.
2:15 கைபேசியை எடுத்தான். வைத்தான்.
2:16 எடுத்தான்.
2:50 நான்காம் குறிப்பிலிருந்து என் பெயரை வெட்டினான். கத்தரிக்கோல் மழுங்கல். கடைசி எழுத்து தாளிலேயே நின்றுவிட்டது. (முக்கியம்)'

நான்காம் குறிப்பை எடுத்துப் பார்த்தான். ஒட்டிய துண்டின் ஓரத்தில் ஒரே ஒரு பச்சை எழுத்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

சிரிப்பு வந்தது. இந்த மாதிரி வேலை செய்கிற ஆள் துறையில் ஒருவர்தான் உண்டு. யார் எது பேசினாலும் அடியில் ஒரு வரி சேர்ப்பதால் அடிக்குறிப்பு என்று பெயர் வாங்கிய மூத்த மாணவர். கைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, நல்லாருக்கு. எங்க ஒளிஞ்சு பாக்குறீங்க?"

"என்னடா?"

"நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சிருக்கீங்களே, அதச் சொல்றேன்."

"டேய், என் ஆய்வையே நான் எழுதல. உன்னப் பத்தி எழுதவா எனக்கு நேரம்? அதுல எழுத என்ன இருக்கு, தூங்கினான், எழுந்தான்."

"பச்சை மையில எழுதிருக்கு, அண்ணே."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அந்தப் பொண்ணோட பேப்பரா?" அடிக்குறிப்பின் குரலில் கேலி போயிருந்தது. "அதுல நீ உன் பேரைப் போட்டியா?"

"ம்."

"எத்தனையில?"

"எல்லாத்துலயும்தான்."

"கிளம்பு. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுக் கிளம்பு."

"நாளைக்குக் குழு இருக்கே. அந்த அக்கா பாதியில விட்டுட்டுப் போனவங்கதானே?"

"போயிட்டாங்கன்னு பதிவேட்டுல எழுதிருக்கு. போனத யாரும் பாக்கல. நீ மொதல்ல வெளிய வா, தம்பி. நான் வாசலுக்கு வரேன்."

ஐந்து வருடத்தில் அவர் அவனைத் தம்பி என்று அழைத்ததில்லை.

தாளைப் பார்த்தான்.

'3:40 ஒருவரிடம் கேட்டான். அவர் போகச் சொன்னார். போகமாட்டான். (தேர்வில் வரும்)'

கைபேசியில் மணி 3:40. கட்டைவிரலால் அந்த வரியைத் தொட்டான். மை விரலில் ஒட்டியது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான். விசிறி என்று நினைத்திருந்தான். விசிறி இல்லை. மெல்லிய சரசரப்பு, கொஞ்சம் ஓடும், நிற்கும், ஒரு புள்ளி வைத்ததுபோல் டக்கென்று தட்டும், மறுபடி ஓடும். பரீட்சைக் கூடத்தில் கேட்ட சத்தம். அவன் கையைத் தூக்கினான், சரசரத்தது. இறக்கினான், சரசரத்தது. அசையாமல் நின்றான். அதுவும் நின்றது. அவன் எச்சிலை விழுங்கினான். ஒரே ஒரு சொல்லின் நீளத்துக்குச் சரசரத்தது.

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. பத்தடி. ஆனால் ஓடினால் நாளை பத்து மணிக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டும். அப்பா பார்க்கிறவர்களுக்கு வேறு ஏதாவது சொல்ல வேண்டும். கூடுதல் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, மண்டியிட்டு மற்ற குறிப்புகளை வாரினான். இரண்டிரண்டாக எண்ணிப் பையில் திணித்தான். சரசரப்பு இப்போது நிற்கவே இல்லை. அவனுக்கு ஈடுகொடுத்து ஓடியது.

நாற்பது.

கொட்டினான். மறுபடி எண்ணினான். நாற்பது.

தரையில் இல்லை. மேசையில் இல்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அதன் உள்ளே, ஒரு குறிப்பின் நுனி தெரிந்தது. அவன் பெயர் ஒட்டிய நுனி.

ஒண்ணு குறைஞ்சாலும்.

கையை விட்டான். எட்டவில்லை. கன்னத்தை இரும்பில் அழுத்தி, தோள்வரை விட்டான். உள்ளே குளிர்ச்சி. தாள் விரலில் பட்டு நழுவியது. இன்னும் கொஞ்சம்.

குறிப்பு அவன் உள்ளங்கைக்குள் வந்தது.

அவன் இழுக்கவில்லை. கொடுக்கப்பட்டது.

மெல்லக் கையை வெளியே எடுத்தான். குறிப்பு இருந்தது. நாற்பத்தொன்று. எழுந்து நடந்தால் போதும். பார்க்க வேண்டியதில்லை. பார்க்கவே வேண்டியதில்லை.

சரசரப்பு நின்றிருந்தது.

கைபேசி வெளிச்சத்தை இடைவெளிக்குள் திருப்பினான்.

நான்கு விரல் அகலத்துக்குள் அவள் நின்றிருந்தாள். பக்கவாட்டில் இல்லை. நேராக. முகம், தோள், கைகள், எல்லாம் தாளின் தடிமனில், அந்த இடைவெளிக்குள் மடிந்து மடிந்து. நெஞ்சில் சாய்த்த நோட்டு. அதன்மேல் பேனா. குனிந்து பார்க்காமலே எழுதும் கை. முதல் வரிசையில் உட்காரும் நல்ல மாணவியின் கண்கள். இமைக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் அலறினான்.

பேனா ஓடியது. முழுப் பக்கம் ஓடியது. அலறல் தீர்ந்த இடத்தில் தடுமாறி நின்றது. அவள் நெற்றி சுருங்கியது. தாள் கசங்கும் சத்தம்.

நடைக்கூடத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மூடிக்கொள்ளத் தொடங்கின. கடைசியாக இந்த அறையின் கதவு.

"கொஞ்சம் மெதுவா, சார்," என்றாள். மரியாதையான குரல். "நடுவுல ரெண்டு வரி விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேருந்து."

பக்கத்தைப் புரட்டினாள். பேனா முனை தாளைத் தொட்டுக் காத்திருந்தது.