ஒற்றைக் கதவுப் படகு

நிறைவுகாட்டி மீண்டும் வெண்ணிற ஒளியையே காட்டியது. அறவாழி அதனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் நிகழாதது போல இழைப்புளியைக் கையிலெடுத்தார்.

பரங்கிப்பேட்டையில் அப்போது நிறைவுகாட்டி இல்லாத வீடு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியை ஒரு வேலையின் அருகில் வைத்தால், செய்பவரின் நாடித்துடிப்பு, கைவேகம், பொருளின் தன்மை, பருவநிலை ஆகிய யாவற்றையும் அது அளந்தறியும். வேலை முடியுமெனில் பச்சை ஒளி தோன்றும். முடியாதெனில் வெள்ளொளி தோன்றும். காரணம் கூறும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும் அது பொய்த்ததாக ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே வெள்ளொளி கண்ட வேலையை மக்கள் தொடுவதே இல்லை. அடுத்த வீட்டு ஷேக் மைதீன் மாடி கட்ட விரும்பிச் செங்கல் இறக்கியவர், வெள்ளொளியைக் கண்டதும் அதே வண்டியில் செங்கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அறவாழி தம் பணிக்காலம் முழுவதும் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுத்தவர். ஓய்வுபெற்ற பின்னர், ஒருமுறையேனும் தம்மைவிடப் பெரிய பொருள் ஒன்றைச் செய்ய வேண்டுமென்று விரும்பினார். கார் கொட்டகையில் ஒரு மரப்படகு எழுந்தது. அதன் நடுவே இருவர் படுக்கத்தக்க சிற்றறையும், அவ்வறைக்கு இரட்டைக் கதவும் அமைவதாகத் திட்டம். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் நங்கூரமிட்டு, அலையாட்டத்தில் ஓர் இரவு உறங்க வேண்டும் என்பது அவர் மனைவி குமுதவல்லியின் நெடுநாள் ஆசை. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அந்த அம்மையார், முதல் பலகையைக் கண்டபோதே, "நீங்க செஞ்ச பல்லு செட்டு மாதிரி இது ஆடாம நிக்கக் கூடாதுங்க. நல்லா ஆடணும்," என்று கூறியிருந்தார்.

அறவாழி கருவியைக் கேளாமலேயே வேலையைத் தொடங்கினார். படகின் விலாச்சட்டங்கள் நின்ற பிறகே, ஆவலால் கேட்டுப் பார்த்தார். வெள்ளொளி தோன்றியது. அவர் ஆராய்ந்து பார்த்தார். மரம் போதுமான அளவு இருந்தது. தம் கைகளில் நடுக்கமில்லை. குமுதவல்லி இல்லாமற்போனால் மட்டுமே தாம் இவ்வேலையைக் கைவிடுவார் என்று அவருக்குப் புலப்பட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவர் பணிந்துவிடவில்லை. படகு முடிந்துவிட்டால் கருவி பொய்த்துவிடும். கருவி பொய்த்துவிட்டால் அவள் பிழைப்பாள் என்று முடிவு செய்தார். ஓய்வின்றி இழைத்தார், பிசினிட்டார், இறுக்கிகளை முடுக்கினார். தமக்கு நெஞ்சு வலிப்பதாகப் பொய் கூறி மருத்துவமனைக்குச் சென்று, வந்ததுதான் வந்தாய், நீயும் பார்த்துக்கொள் என்று மனைவியை வற்புறுத்தினார். வியப்பு யாதெனில், குமுதவல்லி ஒரு சொல்லும் மறுக்காமல் உடன்பட்டார். அதைவிட, கணவரின் பரிசோதனைகளை ஒவ்வொன்றாக மருத்துவரிடம் விசாரித்தார். இருவருக்கும் கொழுப்பு சற்று மிகுதி என்பதைத் தவிர வேறு குறை காணப்படவில்லை.

படகும் விந்தையான விரைவில் வளர்ந்தது. பகலுணவுக்குப் பின் அறவாழி கண்ணயர்ந்து எழும்போதெல்லாம், தாம் தேய்க்காத பலகை வழுவழுப்பாக இருந்தது. தமக்கு மறதி வந்துவிட்டதென்று அவர் எண்ணிக்கொண்டார்.

இறுதியில் அறைக்கதவின் இரண்டாம் பாதி மட்டும் எஞ்சியது. குமுதவல்லி அதனைத் தூக்கிப் பிடிக்க, அறவாழி திருப்புளியோடு குனிந்தார். கதவு அவர் பக்கமாக நெருக்கித் தள்ளப்பட்டது. நிமிர்ந்து நோக்கினார், மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன.

"சீக்கிரம் மாட்டுங்க."

"ஏன் இப்படி அவசரப்படுறே?"

குமுதவல்லி கதவை இறக்கிச் சுவரில் சாய்த்தார். "நீங்க தூங்குறப்போ அந்தக் கருவியை வெச்சுப் பார்த்தேன். வெள்ளைதான் வந்துச்சு. மரத்தைத் தொட்டா உங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். நீங்களா இதை விடுறவர் இல்ல. அப்போ உங்களுக்குத்தானே ஏதோ ஆகப்போகுது? அதான் நானும் தேய்ச்சுத் தேய்ச்சு..." அவர் கைகளை விரித்துக் காட்டினார். விரல்களில் உப்புத்தாளின் கீறல்கள் இருந்தன.

அறவாழி படகின் விளிம்பில் அமர்ந்தார்.

"நான் உனக்குன்னு நெனைச்சேன்டி," என்றார்.

"எனக்கா? பஸ்ஸையே நிறுத்தாம ஓட்டினவ நான். எனக்கு என்ன வரும்?" குமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அறவாழி கருவியை எடுத்துப் படகின் மீது வைத்தார். வெண்மை மாறவில்லை. ஒரு கதவுதான் மீதம். அதை மாட்டும் அச்சிறு பொழுதுக்குள் யாருக்கு என்ன நேரும் என்று இருவரும் எண்ணிப் பார்த்தனர். அவர் திருப்புளியை மீண்டும் எடுத்தபோது, குமுதவல்லி அதை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"வேண்டாங்க. மாட்டாமலே விட்டுடுவோம். பச்சப்புள்ளைக்குக் கன்னத்துல மை வெக்கறதில்லையா, அது மாதிரி இருக்கட்டும்."

"அப்போ படகு முடியாதே."

"அதைத்தானே இது சொல்லுது? நம்ம ரெண்டு பேரைப் பத்தி இது எப்போ பேசுச்சு?"

கருவி கூறாதிருந்தால் அக்கதவு மாட்டப்பட்டிருக்கும். மாட்டப்படாமையால் கருவி கூறியது மெய்யாயிற்று. எது முந்தியது என்று அறவாழி பலநாள் சிந்தித்தும் விடை கிட்டவில்லை.

நிறைவுறாத அப்படகு வெள்ளாற்றில் இனிதே மிதந்தது. அதனைக் கரையில் நின்று பார்த்த ஷேக் மைதீன், மறுநாளே செங்கல் வரவழைத்தார். மாடி எழுந்தது, ஒரு சன்னலுக்கு மட்டும் கதவில்லை. பின்னர் ஊரே அவ்வாறு செய்யத் தொடங்கியது. சட்டையில் ஒரு பொத்தானும், கோலத்தில் ஓர் இழையும் விடப்பட்டன. கருவிகள் யாவும் எந்நேரமும் வெள்ளொளியையே காட்டின, அஞ்சுவார்தாம் இல்லை. அக்கருவியைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்து, ஒரு பழுதும் இல்லை என்று அறிவித்தனர். இதைவிடச் சிறந்த கருவியை உருவாக்க இயலுமா என்று அவர்கள் அதனிடமே கேட்டபோதும், அது வெண்மையாகவே ஒளிர்ந்தது.

முகத்துவாரத்தில் மழை பெய்தால், கதவில்லாத பாதி வழியே சாரல் உள்ளே வரும். அப்போது அறவாழியும் குமுதவல்லியும் கதவுள்ள பக்கமாக ஒடுங்கி, நெருங்கி அமர வேண்டியிருந்தது. மற்றக் கதவு கொட்டகைச் சுவரில், கீல்கள் பொருத்தப்பட்டு, ஆயத்தமாகவே சாய்ந்திருந்தது. அதை எடுத்து வர வேண்டுமென்று இருவரும் நினைக்கவில்லை.