கனமான உறை

மாலை 6.50. மலை விடுதியின் மாடி அறைக் கதவை உடைத்துத் திறந்தபோது, அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்தபடி இறந்து கிடந்தார். மடியில் வாய் திறந்த கறுப்பு உறை ஒன்று. வலது கையில் ஒரு லென்ஸ். படம் எடுக்க அதைக் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. கேமரா எதிர்ச் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு உள்தாழ் போட்டிருந்தது. ஜன்னலில் கம்பி. ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்த விடுதிக்காரர்தான் கதவை உடைத்தார்.

இரவு 7.30. உள்ளூர் மருத்துவர் எழுந்து நின்றார். "ஆஸ்துமா. குளிர்ல ஏறி வந்ததுல இழுப்பு கெளம்பியிருக்கு. இன்ஹேலர் கையில இருந்திருந்தா இந்நேரம் உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பாங்க."

"இன்ஹேலர் எங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். மெலிந்த பெண்மணி. ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்கும் பொறுமை அவருக்குக் கிடையாது.

இல்லை. அறை முழுக்கக் கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது. இருந்தது ஒரே ஒரு தோள்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், பேட்டரிகள், சார்ஜர், பாதியாக வெட்டிய துண்டு, பிடி ஒடித்த பல் துலக்கும் பிரஷ்.

"பிரஷ்ல போய் மிச்சம் புடிக்கிறாங்களே?" என்றார் ஏட்டு.

"மிச்சம் இல்ல. கனம்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அவர் இறந்தவரின் தொழில் கூட்டாளி. இருவரும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பவர்கள். குறைந்த சுமையோடு பயணம் போவது எப்படி என்று வகுப்பே நடத்துகிறவர் இந்தக் கூட்டாளி. படம் எடுப்பவர்கள் வட்டாரத்தில் அவருக்கு 'இறகு' என்று பெயர். சம்பவத்தின்போது கீழே பள்ளத்தாக்கில் சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"இன்ஹேலர் எதுல வெச்சிருப்பாங்க?"

"டப்பா எல்லாம் தூக்கிப் போட்டுடுவோம் மேடம். லென்ஸ் உறை மெத்துன்னு இருக்கும், அதுக்குள்ள போட்டுக்குவாங்க. ஒரே மாதிரி ரெண்டு உறை. ஒன்னுல பெரிய லென்ஸ், ஒன்னுல மருந்து."

"இங்க ஒன்னுதான் இருக்கு."

"அதான் எனக்கும் புரியல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலைல விமான நிலையத்துல பை ஏழு கிலோவத் தாண்டிடுச்சு. கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒரே கெடுபிடி. வழக்கம்போல கேமராவப் பையில இருந்து எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு சிரிச்சாங்க. இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"பையை யாராவது தொட்டாங்களா?"

"என் கண்ணு முன்னாடி யாரும் தொடல. வீட்டுல... அவங்க வீட்டுக்காரருக்கு அவங்க மேல உயிரு. தோள் வலிக்கும்னு பையைக் கிளறிக்கிட்டே இருப்பாரு. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது மேடம்."

சொல்லக் கூடாது என்றவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

மறுநாள் காலை 10.15. கணவர் வந்து சேர்ந்தார். பள்ளி ஆசிரியர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்ஸ்பெக்டர் திறந்து பார்த்தார். உள்ளே இன்ஹேலர்.

"நான்தான் கொன்னேன் மேடம். எழுதிக்குங்க."

"மொதல்ல உக்காருங்க சார்."

"டாக்டர் அவள பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. சொன்னா கேக்க மாட்டா. அவ குளிக்கப் போன நேரத்துல பெரிய லென்ஸ எடுத்து ஒளிச்சு வெச்சிரலாம்னு நெனச்சேன். அங்க போய்ப் பாத்துட்டு போன் போட்டுத் திட்டுவா, திட்டட்டும்னு இருந்தேன். நேத்து முழுக்க போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்." மேசைமேல் இருந்த உறையைப் பார்த்தார். "போன் வந்துச்சு. உங்ககிட்ட இருந்து. அலமாரியத் திறந்து பாக்குறேன், நான் எடுத்து வெச்ச உறைக்குள்ள மருந்து. மாத்தி எடுத்துட்டேன் மேடம். பாவி, மாத்தி எடுத்துட்டேன்."

ஏட்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் மனைவி இருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் அந்த மனிதரை அழவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உறை ரெண்டும் ஒரே மாதிரி. எது லென்ஸ்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க? திறந்து பாத்தீங்களா?"

"இல்ல. குளியலறைத் தண்ணி சத்தம் நின்னுடுச்சு. அவசரம். ரெண்டையும் கையில தூக்கிப் பாத்து, கனமா இருந்தத எடுத்தேன்."

"அப்புறம்?"

"தொங்கல் தராசுல பையை மாட்டிப் பாத்தேன். அதுக்கு முன்னால ஏழே கால் காட்டினது, அப்போ ஆறே முக்காலுக்கு வந்துடுச்சு. கவுண்டர்லயும் தொல்லை இருக்காதுன்னு ஒரு நிம்மதி."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"நீங்க லென்ஸ எடுத்தது வேற யாருக்குத் தெரியும்?"

"அவளுக்கே தெரியாது. அவ கூட்டாளிகிட்ட மட்டும் சொன்னேன், எடுத்து அலமாரில வெச்சிருக்கேன்னு. கூட்டிட்டுப் போக வந்திருந்தாரு. 'போற வரைக்கும் சொல்லிடாதீங்க சார்'னு கேட்டுக்கிட்டேன். சிரிச்சாரு. நான் கீழே போய் டாக்சிய நிறுத்தி வெச்சேன்."

"அப்போ அவர் எங்க இருந்தாரு?"

"கூடத்துல. காபி குடிச்சிட்டு இருந்தாரு."

"பையும் கூடத்துல. அலமாரியும் கூடத்துல?"

"ஆமா."

"அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபம்?"

ஆசிரியர் தயங்கினார். "போன வருஷம் அவருக்குப் பெரிய பரிசு கெடச்ச படம், அவ எடுத்தது. கேமரா மாறிப் போனப்ப இவரு கேமராவுல எடுத்தது, இவரு தன் பேர்ல அனுப்பிட்டாரு. கூட்டாளியாச்சேன்னு பொறுத்துக்கிட்டா. இப்போ அந்தப் படத்த வெச்சே வகுப்பு, விளம்பரம்னு போயிட்டிருந்தாரு. இந்தப் பயணம் முடிஞ்சதும் உண்மைய வெளில சொல்லிடுவேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டா. அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்? உறைய எடுத்தது நானு."

பகல் 12.00. விடுதிச் சமையற்கட்டு. அரிசி மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று அங்கே இருந்தது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் அங்கே வரச்சொன்னார். 'இறகு' சுவரோரமாக நின்றார். ஆசிரியர் யாரையும் பார்க்கவில்லை.

அறையில் இருந்த சாமான் ஒன்று விடாமல் தோள்பைக்குள் போனது. கேமரா, துணி, பேட்டரி, பாதித் துண்டு, ஒடிந்த பிரஷ், லென்ஸ் இருந்த உறை. ஏட்டு பையைத் தராசில் வைத்தார். முள் ஏழைத் தாண்டி நின்றது.

"இப்போ அந்த உறைய எடுத்துட்டு, சார் கொண்டுவந்த மருந்து உறைய உள்ள வைங்க."

ஏட்டு வைத்தார். முள் இறங்கி, ஏழுக்குக் கீழே நின்றது.

"என்ன மேடம் இது?" என்றார் 'இறகு'.

"நேத்து நீங்க சொன்னதத்தான் நிறுத்துக்கிட்டு இருக்கேன்." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. "சார் ஒரு உறைய எடுத்ததுக்கப்புறம் வீட்டுல பை ஆறே முக்கால். மருந்து உறைய எடுத்து, லென்ஸ உள்ள விட்டிருந்தா அந்த எடை வரவே வராது. இன்ஹேலர் என்ன கனம் இருக்கும்? ஒரு எலுமிச்சம்பழம் அளவு கூட இல்ல. அரைக்கிலோ குறைஞ்சிருக்குன்னா அவர் எடுத்தது லென்ஸ்தான். சரியாத்தான் எடுத்திருக்காரு."

ஆசிரியர் தலை நிமிர்ந்தார்.

"ஆனா விமான நிலையத்துல பை ஏழத் தாண்டிடுச்சு. இத எனக்கு வேற யாரும் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. வீட்டுல இருந்து கவுண்டருக்குள்ள அரைக்கிலோ எங்கிருந்து வந்துச்சு? லென்ஸ் திரும்பப் பைக்குள்ள வந்திருக்கு. மருந்து அலமாரில இருந்த உறைக்குள்ள போயிருக்கு."

"தராசு தப்பாக் காட்டியிருக்கலாம். இல்ல, அவங்களே மாத்தியிருக்கலாம்."

"தராசு தப்புன்னா ரெண்டு தடவையும் ஒரே மாதிரித்தான் தப்பாக் காட்டும். அரைக்கிலோ குறைஞ்சது குறைஞ்சதுதான். அவங்க மாத்தினாங்கன்னா, எழுந்திரிக்க முடியாத நிலைமையில உறையத் திறந்து லென்ஸப் பாத்து எதுக்கு ஏமாறணும்? அது மருந்துன்னு நெனச்சுத்தான் திறந்திருக்காங்க."

'இறகு' வாசல் பக்கம் பார்த்தார்.

"சும்மா மருந்த எடுத்துப் போட்டிருந்தாலே போதும். ஆனா காணாமப் போச்சுன்னா தேடுவோம். ஏற்கனவே ஒருத்தர் ஆசையில ஒரு உறைய எடுத்து வெச்சிருக்காரு. அதுக்குள்ள மருந்து இருந்தா பழி தானா அவர் தலையில விழும், அவரே ஒத்துக்கவும் செய்வாரு. சார் டாக்சி நிறுத்தப் போன அந்தக் கொஞ்ச நேரம் போதும் உங்களுக்கு. மலைமேல, குளிர்ல இருக்கிற இந்த விடுதிய, அதுலயும் மாடி ரூமப் புடிச்சது யாரு?"

"அவருதாங்க," என்றார் விடுதிக்காரர். "கீழ ரூம் காலியா இருக்குன்னேன். வேண்டாம்னுட்டாரு."

"ஊருக்கெல்லாம் கனத்தப் பத்திப் பாடம் எடுக்கிறவரு நீங்க. லென்ஸத் திரும்ப வெச்சா பை ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியும். வாத்தியார் நிறுத்துப் பாத்திருப்பாருன்னுதான் தோணல."

'இறகு' சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். "எனக்கு இருந்தது அந்த ஒரு படம்தான்," என்றார். ஏட்டு கையைப் பிடித்துத் தூக்கி, ஜீப்புக்கு அழைத்துப் போனார்.

ஆசிரியர் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"அப்போ நான் எடுத்தது லென்ஸ்தானா மேடம்?"

"லென்ஸ்தான் சார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் தலையாட்டினார். பிறகு வேறு ஒன்று கேட்டார். "உறையத் திறந்தப்ப அவ என்ன நெனச்சிருப்பா? இந்த மனுஷன்தான் எதையோ கிளறி வெச்சிட்டான்னு நெனச்சிருப்பாளா?"

இன்ஸ்பெக்டர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"நீங்க எடுத்தது அவங்களுக்குத் தெரியவே தெரியாது சார். லென்ஸ் வெச்ச மாதிரியே இருந்துச்சு. மருந்து வெக்க மறந்தது நாமதான்னு நெனச்சிருப்பாங்க."

"தன் தப்புன்னா?"

"ஆமா."

ஆசிரியர் மனைவியின் பையைத் தராசிலிருந்து இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகம் கோணிப்போனது.

"அதுக்குப் பதிலா என்னையே சந்தேகப்பட்டிருக்கலாம் மேடம். நான் தாங்கியிருப்பேன்."