குளத்துமேட்டு எல்லைக்கோடு

சிவப்புக் கோடு விரலில் ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான படம் அது. துணியில் ஒட்டிய காகிதம் பூச்சி அரித்து, மடிப்புக்கு மடிப்பு கிழிந்து கிடந்தது. எல்லைக்கோடு மட்டும் காலையில்தான் எழுதியது போல ஈரமாக இருந்தது. மழைக்கால நசநசப்பு என்று நினைத்து ஞானதாஸ் விரலை வேட்டியில் துடைத்தான். கறை போகவில்லை. முகர்ந்து பார்த்தான். ஆட்டுக்குடல் கழுவிய தண்ணீரின் வாடை. சீ என்று கையை உதறினான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூரில் ஒரு வாடகை வீட்டில் நடந்த அந்த சர்வே ஆபீஸில் வேறு யாரும் இல்லை. ரெக்கார்டு அறையின் சாவியை வைத்திருந்த அத்தாவுல்லா பாய் தயவு பண்ணித் திறந்துவிட்டிருந்தார்.

"தோ பாரு தாசு, அஞ்சு மணிக்கு வந்து பூட்டிக்கினு பூடுவேன். காலைல மொத பஸ்ல படம் செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போவுது. அதுக்குள்ள நகல எழுதி முட்ச்சிடு."

"முடிச்சிடறேன் பாய்."

முடித்தே ஆக வேண்டும். குளத்துமேட்டில் எந்தக் காலத்திலும் யாரும் குடியிருந்ததில்லை என்று நிலத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு விசாரணை. குடியிருந்தார்கள் என்று சொல்ல இந்த ஒரு படம்தான் சாட்சி. வெள்ளைக்காரன் எல்லை பிடித்த காலத்தில் யாரோ ஒரு துரை வரைந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அவன் ஆட்சி, அந்தப் பக்கம் எதிராளியின் குதிரைப்படை அலைந்த காடு. நடுவில், கோட்டின் மேலேயே, குளத்துமேடு. நாற்பத்தொரு வீடு. கோட்டில் நாற்பத்தொரு எல்லைக்கல். ஞானதாஸின் மனைவி பாக்கியமேரி பிறந்த இடம் அது.

படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, தலைப்பையும் வீடுகளையும் கறுப்பு மசியில் எழுதினான். கோட்டுக்கு வந்ததும் வேலை நின்றது. ஆபீஸ் சிவப்பு மசி, மழை ஈரம் ஏறிய துணியில் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டது. சாக்பீஸ் பொடி தூவித் தேய்த்தும் பிடிக்கவில்லை. எரிச்சலில் துணியைத் தூக்கியபோது தூரிகை நுனி பழைய கோட்டின் மேல் பட்டது. அப்படியே இழுத்துப் பார்த்தான். துணியில் பட்டென்று பிடித்தது, மயிரிழை பிசகாமல். அதன் பிறகு பழைய கோட்டிலிருந்தே தொட்டுத் தொட்டு எழுதினான்.

அப்புறம்தான் அந்தப் பழக்கம். தூரிகையை நாக்கில் வைத்து நுனி கூராக்குவது. படம் எழுதுகிறவன் எவனும் அதைச் செய்வான். வெற்றிலை போடுகிறவனுக்குச் சுண்ணாம்பு தடவுவது எப்படியோ அப்படி, கை தானாகப் போகும். ஞானதாஸின் கையும் போனது. ஒரு கல், ஒரு நக்கு. துருவும் கொழுப்பும் கலந்த ருசி. தொண்டையில் வழவழவென்று இறங்கியது. கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கல் எழுதுவதற்குள் கை மறுபடி வாய்க்குப் போயிருந்தது.

இருபத்தைந்தாவது கல்லில் பாக்கியமேரி சோற்றுத் தூக்கோடு நனைந்துகொண்டு வந்தாள். பக்கத்தில் வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா இது, உன் வாயி இப்பிடி நாறுது? எலி செத்த மாதிரி கீது."

"மசி வாடை. நீ போ."

"போறேன். எங்கம்மா வூட்ட அந்த நெலத்துக்காரனுங்க மூணு தபா பிச்சிப் போட்டானுங்க. நாளைக்கு அந்தப் படம் இல்லன்னா இன்னொரு தபா கட்டறதுக்கு அங்க எடமே இருக்காது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் போன பிறகு தூக்கைத் திறந்தான். கருவாட்டுக் குழம்பு. வாயில் வைத்த சோறு நாக்கில் பட்டதும் அதே ருசியாக மாறியது. மூடி வைத்துவிட்டான்.

படத்தின் கீழ் மூலையில் பூச்சி அரித்த இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. ஜன்னல் பக்கம் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

'இரவில் கற்களைப் பிடுங்கி எறிகிறார்கள். இனிப் பிடுங்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் வீதம் நாற்பத்தொரு கல்லுக்கு அடியிலும் இறக்கியாயிற்று. கோட்டுக்கு வேண்டிய மசியும் அங்கேயே கிடைத்தது.'

கொல்லைக்கு ஓடினான். குடம் குடமாக வாந்தி. வெளியே வந்ததில் சோறு இல்லை. சிவப்பாக, நூல் நூலாக, கழுவக் கழுவ நீளும் ஏதோ ஒன்று. சாம்பலை அள்ளி நாக்கைத் தேய்த்தான். தோல் உரிந்தது. ருசி போகவில்லை. எத்தனை பேரை விழுங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது தன் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்தது. இருபத்தைந்து.

ஓடிவிடலாம். ஆனால் மணி மூன்றரை. இன்னும் பதினாறு கல். பாதிக்கோட்டை எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஞானதாஸ் சட்டைக்குள் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். இந்தத் தடவை தெரிந்தே தூரிகையை வாயில் வைத்தான்.

இருபத்தாறு. முடி ஒன்று பல்லில் சிக்கியது. நீளமான முடி.

முப்பது. கொழகொழப்பு.

முப்பத்தைந்து. நகம் மாதிரி ஏதோ. விழுங்கினான். துப்பினால் துணி கெடும்.

நாற்பது.

நாற்பத்தொன்றில் பழைய கோடு வறண்டு கிடந்தது. சுரண்டிப் பார்த்தான். பொடிகூட வரவில்லை. ஒரே ஒரு கல். வெறுந்தூரிகையை வாய்க்குள் விட்டு, கன்னம் ஒட்ட உறிஞ்சினான். வெளியே எடுத்தபோது அது சொட்டச் சொட்டச் சிவந்திருந்தது. எழுதினான்.

கோடு முடிந்தது. குளத்துமேடு முழுசாக இருந்தது. பாக்கியமேரிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

நாக்கை அசைக்க முடியவில்லை. அடியில் கெட்டியாக ஏதோ முளைத்து அதைத் தூக்கிக்கொண்டிருந்தது. பல் இல்லை. விரலை விட்டுத் தடவினான். குளிர்ச்சி. நாலு பக்கமும் உளியால் கொத்திய சதுரம்.

வாசலில் சாவிக்கொத்தின் சத்தம்.

"இன்னா தாசு, முட்ச்சியா?"

அதைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். வலி. மறுபடி இழுத்தான். கல் மெல்ல அசைந்து கொடுத்தது.

அதன் அடியிலிருந்து, பச்சைக்குழந்தையின் விரல் அளவே இருந்த ஈரமான விரல்கள் வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டன.